எஸ்டேட் சேலில் கிடைத்த பழைய செராமிக் ராடுகள்: எந்தக் காலத்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கதிர்_டென்வர்

எல்லோருக்கும் வணக்கம். போன சனிக்கிழமை எங்கள் தெருவில் காலமான ஒரு பெரியவரின் வீட்டுச் சாமான்களை விற்றார்கள். கராஜ் மூலையில் ஒரு ஷூ பெட்டி நிறையக் கத்தி தீட்டுகிற சாமான்கள் இருந்தன, மொத்தமும் 8 டாலர் என்றார்கள், வாங்கிவிட்டேன். வீட்டுக்கு வந்து பிரித்தால், சாய்வாகத் துளை போட்ட ஒரு மரப்பெட்டி, அதில் செருகுகிற நான்கு வெள்ளை உருண்டை ராடுகள், மேலே 'கிராக் ஸ்டிக்' என்று எழுதியிருக்கிறது. அதற்கு அடியில் ஸ்பைடர்கோ கம்பெனியின் முக்கோண ராடுகள், பழுப்பில் இரண்டு, வெள்ளையில் இரண்டு. எல்லாமே சாம்பல் நிறமாகக் கறுத்துப்போய் இருக்கின்றன, ஒரு ராடின் நுனி உடைந்திருக்கிறது.

இதெல்லாம் எப்போது செய்தவை என்று எப்படிச் சொல்வது? சுத்தம் செய்தால் சேகரிப்பு மதிப்பு போய்விடுமா? அந்தப் பெரியவர் இவற்றை நிறையப் பயன்படுத்தியிருக்கிறார் என்று பார்த்தாலே தெரிகிறது, அதனால் சும்மா அலமாரியில் தூக்கிப்போட மனசு வரவில்லை.

பழைய_இரும்பு

கதிர், நல்ல வேட்டை. முதலில் ஒன்று, ராடைப் பார்த்து வயதைச் சொல்லவே முடியாது. அது அலுமினா, அதாவது அலுமினியம் ஆக்சைடுத் தூளை அழுத்தி 1,500 டிகிரி செல்சியஸுக்கு மேல் சுட்டு எடுத்த பொருள், துருப்பிடிக்காது, மங்காது, 40 வருஷம் கழித்தும் அப்படியே இருக்கும். வயது தெரிவது அட்டைப்பெட்டியிலும் உள்ளே மடித்து வைத்த காகிதத்திலும்தான். அதனால்தான் நான் எப்போதும் சொல்கிறேன், பெட்டியைத் தூக்கிப்போடாதீர்கள் என்று.

பெட்டியில் பார்கோடு இருக்கிறதா பாருங்கள். அமெரிக்கக் கடையில் முதல் பார்கோடு ஸ்கேன் ஆனது 1974-ல், ஆகவே பார்கோடு இருந்தால் அதற்கு அப்புறம் வந்தது. முகவரியில் ஜிப் கோடு (அமெரிக்கப் பின்கோடு) 5 இலக்கமா, கோடு போட்டு 9 இலக்கமா? 9 இலக்கம் என்றால் 1983-க்கு முந்தியதாக இருக்க வாய்ப்பில்லை. கிராக் ஸ்டிக்கை இப்போது விற்பது லான்ஸ்கி, அந்தக் கம்பெனி தொடங்கியதே 1979-ல், அதனால் பெட்டியில் லான்ஸ்கி பெயர் இருந்தால் இன்னும் சுலபம்.

ஸ்பைடர்கோ கதை எனக்கு ரொம்பப் பிடித்தது, அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். சால் கிளெஸ்ஸர், அவர் மனைவி கெய்ல் இரண்டு பேரும் பிரெட் வண்டி ஒன்றை வீடாக மாற்றிக்கொண்டு ஊர் ஊராகப் பொருட்காட்சிகளில் கடை போட்டவர்கள். 1976-ல் அவர்கள் முதலில் விற்றது கத்தியே இல்லை, சின்னச் சின்னச் சாமான்களைப் பிடித்து வைக்கிற ஒரு கருவி, 'போர்ட்டபிள் ஹேண்ட்' என்று பெயர். 1978-ல் கொலராடோவின் கோல்டன் ஊரில் நிலைத்தார்கள், அதே வருஷம்தான் உங்கள் கையில் இருக்கிற முக்கோண ராடுகளை வைத்துத் தீட்டுகிற ஷார்ப்மேக்கர் வந்தது. அவர்களுடைய முதல் மடக்குக்கத்தி 1981-ல்தான்! ஆக, இன்று கத்திக்குப் பேர்போன கம்பெனி முதலில் தீட்டுகோல் விற்ற கம்பெனி. கோல்டன் உங்கள் டென்வரிலிருந்து கூப்பிடு தூரம்தான், செராமிக்கில் பேர்போன கூர்ஸ் ஆலையும் அதே ஊர். இப்போதைய மாடல் 204, அதற்கு முந்தியது 203. காகிதத்தில் எந்த எண் இருக்கிறது என்று சொல்லுங்கள்.

மீனா_கோவை

சுத்தம் செய்தால் மதிப்பு ஒன்றும் குறையாது, தைரியமாகச் செய்யுங்கள். அந்தச் சாம்பல் நிறம் கத்தியிலிருந்து உதிர்ந்த இரும்புத்தூள்தான். பாத்திரம் தேய்க்கிற தூளும் பச்சை நாரும் தண்ணீரும் போதும், நன்றாக அலசிக் காய வைத்துவிடுங்கள். எண்ணெய் மட்டும் தொடவே கூடாது, செராமிக் ராடு உலர்வாகப் பயன்படுத்துகிற பொருள், நமக்குப் பழகிய எண்ணெய்க்கல் மாதிரி இல்லை. நான் ஆரம்பத்தில் அது தெரியாமல் தையல் மிஷின் எண்ணெயை விட்டு ஒரு ராடைப் பிசுபிசுவென்று ஆக்கி, திரும்பத் திரும்பத் தேய்த்துத்தான் மீட்டேன்.

கிராக் என்றால் ஆங்கிலத்தில் ஜாடி. அந்தப் பெயரைப் படித்ததும் எனக்கு அம்மா ஞாபகம்தான் வந்தது. ஊறுகாய் ஜாடியைக் கவிழ்த்து, அடியில் பளபளப்புப் பூச்சு இல்லாத சொரசொரப்பான வளையத்தில் அரிவாள்மனையிலிருந்து கழற்றிய அலகை நாலு இழுப்பு இழுப்பார், தக்காளி சரியாக நறுங்கும். சூட்சுமம் இரண்டிலும் ஒன்றேதான், சுட்ட மண் இரும்பைவிடக் கடினம்.

குருந்தம்

மீனா அக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன், என் பெயரே அதனால்தான். இந்த ராடுகளின் சரக்கு அலுமினியம் ஆக்சைடு. அதுவே மண்ணில் இயற்கையாகக் கிடைத்தால் குருந்தக்கல். ஆங்கிலத்தில் கோரண்டம் என்கிறார்களே, அந்தச் சொல் தமிழ்க் குருந்தத்திலிருந்து போனது. மாணிக்கமும் நீலமும்கூட அதே இனம்தான், கடினத்தைச் சொல்கிற மோஸ் அளவில் 9, வைரத்துக்கு அடுத்த இடம். நம் பக்கத்துப் பழைய சாணைக்காரர்கள் குருந்தத் தூளை அரக்கில் பிசைந்து சக்கரம் வார்த்தார்கள். கொலராடோவில் ஒரு முக்கோண ராடைக் கையில் எடுக்கிறபோது அந்தச் சாணைச் சக்கரத்தின் உறவுக்காரனைத்தான் எடுக்கிறீர்கள் கதிர், எனக்கு அதில் பெரிய சந்தோஷம்.

இன்னொன்று, கத்தியே செராமிக்காக இருந்தால் (கியோசெரா 1984 முதல் விற்பது போல) அதை இந்த ராடில் தீட்டாதீர்கள், ஓரம் சில்லு சில்லாகப் போய்விடும், அதற்கு வைரத்தகடு வேண்டும்.

கதிர்_டென்வர்

எல்லோருக்கும் நன்றி. காகிதம் கிடைத்தது, 203 என்று போட்டிருக்கிறது! கிராக் ஸ்டிக் பெட்டியில் பார்கோடு இருக்கிறது, ஜிப் கோடு 5 இலக்கம்தான், லான்ஸ்கி பெயரைக் காணவில்லை. ராடுகளைத் தேய்த்துக் கழுவினேன், வெள்ளை அப்படியே வந்துவிட்டது. முக்கோண ராடு ஒவ்வொன்றிலும் நீளவாக்கில் ஒரு பள்ளம் ஓடுகிறதே, அது எதற்கு?

பழைய_இரும்பு

தூண்டில் முள் தீட்ட. ஊசி நுனிக்கும் ஆகும். 5 இலக்கத்தை மட்டும் வைத்து 1983-க்கு முந்தியது என்று முடிவு கட்டாதீர்கள், பல கம்பெனிகள் அப்புறமும் 5 இலக்கமே அச்சடித்தன. ஆனால் பார்கோடு இருப்பதால் 1974-க்கு அப்புறம் என்பது உறுதி.

உபயோகம் சொல்லிவிடுகிறேன், சமையல் கத்திக்கு முக்கோண ராடுகளை அவற்றின் தாங்கியில் 40 டிகிரித் துளையில் செருகுங்கள், பக்கத்துக்கு 20 டிகிரி விழும். கத்தியைச் செங்குத்தாகப் பிடித்து மேலிருந்து கீழே இழுக்க வேண்டும், கோணத்தைக் கை கணக்குப் போட வேண்டாம், ராடே சாய்ந்து நிற்கிறது. முதலில் பழுப்பு ராடின் விளிம்பில், அப்புறம் அதன் தட்டை முகத்தில், பிறகு வெள்ளையில் அதே வரிசை, ஒவ்வொன்றிலும் பக்கத்துக்கு 20 இழுப்பு. அழுத்தவே கூடாது. பித்தளைக் கம்பி இரண்டு இருந்தால் அவசியம் செருகுங்கள், கை தவறினால் விரலைக் காப்பது அதுதான்.

கதிர்_டென்வர்

பித்தளைக் கம்பி ஷூ பெட்டியின் அடியில் ஒரு துணியில் சுற்றி இருந்தது, இரண்டும் இருக்கின்றன. உடைந்த நுனி ராடைக் கீழ்ப்பக்கம் வருமாறு செருகிவிட்டேன். இன்று காலை வெங்காயம் நறுக்கினேன்.

மீனா_கோவை

படம் போடுங்கள் தம்பி, அந்தத் துணியோடு சேர்த்து.