மூக்கு அலர்ஜி: மாத்திரை போட்டும் அடைப்பு விடாதது ஏன்?

செட்ரிசின் போன்ற ஆன்டிஹிஸ்டமின் மாத்திரை போட்டால் தும்மல் நிற்கிறது, அடைப்பு மட்டும் விடுவதில்லை. மூக்கு அலர்ஜிக்காரர்கள் வழக்கமாகச் சொல்வது இது. மருந்து போலி என்று சந்தேகப்பட வேண்டாம், அதன் வேலை எல்லையே அவ்வளவுதான்.

மூக்கின் சவ்வில் மாஸ்ட் செல்கள் என்ற நோய் எதிர்ப்பு செல்கள் நரம்பு நுனிகளை ஒட்டியே உட்கார்ந்திருக்கின்றன. அவற்றின் மேல் அலர்ஜிப் பொருளை அடையாளம் காணும் ஐஜிஇ ஆன்டிபாடி தயாராக இருக்கும். வீட்டுத் தூசியில் வாழும் நுண்பூச்சியான டஸ்ட் மைட்டின் புரதம் அதில் மாட்டிய சில நிமிடங்களில் செல் தன் துகள்களில் இருக்கும் ஹிஸ்டமின் என்ற ரசாயனத்தைக் கொட்டுகிறது. அது நரம்பு நுனியின் எச்1 ஏற்பியை (ஹிஸ்டமின் ஒட்டும் இடம்) தொட்டதும் அரிப்பும் தும்மலும் வரும். சேதி மூளைத்தண்டு வரை போய், பாராசிம்பதெட்டிக் என்ற தானியங்கி நரம்பு வழியே திரும்பி வந்து சுரப்பிகளைத் திறந்துவிடும். ஒரு நாசியில் மட்டும் அலர்ஜனை (அலர்ஜி தரும் பொருள்) வைத்துப் பார்த்த சோதனைகளில் மறு நாசியிலும் நீர் வடிந்தது. அந்தப் பக்கம் அலர்ஜன் போகவே இல்லை, நரம்பின் சேதிதான் போனது.

அடைப்பு என்பது ரத்தக் குழாய்கள் விரிந்து கசிந்து சவ்வு வீங்குவது. அதில் லூக்கோட்ரைன், புரோஸ்டாகிளாண்டின் டி2 என்ற வேறு ரசாயனங்களின் கை ஓங்கியிருப்பதால், செட்ரிசின் ஹிஸ்டமினை மட்டும் தடுத்துப் பெரிய பயனில்லை.

* * *

இதோடு ஒன்று சேர்க்க வேண்டும். சிலர், அலர்ஜி டெஸ்டில் டஸ்ட் மைட் மட்டும்தான் பாசிட்டிவ், ஆனால் ஊதுபத்திப் புகை, மிளகாய் தாளிக்கும் நெடி, ஏசி குளிர் எல்லாவற்றுக்கும் தும்மல் என்பார்கள். இவை புது அலர்ஜி இல்லை. முதல் தாக்குதல் முடிந்து 4 முதல் 8 மணி நேரத்தில் ஈசினோஃபில்கள் என்ற வெள்ளை அணுக்கள் வந்து இறங்குகின்றன. அவை விடும் புரதங்களும் நரம்பு வளர்ச்சிக் காரணியும் நரம்பு நுனிகளை மிகையாகக் கூச வைக்கின்றன. கூசிப்போன நரம்பும் சும்மா இருப்பதில்லை. சப்ஸ்டன்ஸ் பி, சிஜிஆர்பி என்ற இரண்டு நரம்பு ரசாயனங்களையும் அங்கேயே சுரந்து வீக்கத்தைக் கூட்டும். வீக்கம் அடங்கினால்தான் கூச்சம் குறையும், அதற்கு ஸ்டீராய்டு ஸ்ப்ரே வேண்டும்.

தோல் பரிசோதனைக்குப் போகிறவர்கள் டாக்டரைக் கேட்டு ஒரு வாரம் முன்பே ஆன்டிஹிஸ்டமினை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் தடிப்பே வராது. ஸ்டீராய்டு மூக்கு ஸ்ப்ரேயை நிறுத்தத் தேவையில்லை.

* * *

ஸ்டீராய்டு ஸ்ப்ரே பலன் தரவில்லை என்பவர்களில் பலர் அடிக்கும் விதமே தவறாக இருக்கும். பாட்டிலைக் குலுக்கி, புதிதென்றால் சீரான புகைபோல வரும்வரை காற்றில் அடித்துவிடுங்கள். மூக்கைச் சிந்தி, தலையைச் சற்றே முன்னால் சாயுங்கள். வலது நாசிக்கு இடது கை, இடது நாசிக்கு வலது கை. அப்போதுதான் முனை தானாகவே காதுப் பக்கம் திரும்பும். இரு நாசிக்கும் நடுவிலுள்ள தடுப்பில் பட்டால் எரிச்சலும் ரத்தக் கசிவும் வரும். மெதுவாக மூச்சை இழுத்தால் போதும். பலமாக உறிஞ்சினால் மருந்து தொண்டைக்குப் போய்விடும், கசப்பு தெரிந்தால் அதுதான் அடையாளம். முழுப் பலன் தெரிய இரண்டு வாரம் ஆகலாம், மூன்றாம் நாளே கைவிடாதீர்கள்.

அடைப்பை உடனே திறக்கும் சைலோமெட்டாசோலின் சொட்டு மருந்தை ஐந்து நாளுக்கு மேல் இழுக்காதீர்கள். விட்டதும் அடைப்பு முன்னைவிட மோசமாகத் திரும்பும். மற்றதெல்லாம் அடங்கியும் தண்ணீர் மட்டும் கொட்டினால், சுரப்பிகளைத் திறக்கும் நரம்பு ரசாயனமான அசிட்டைல்கோலினைத் தடுக்கும் இப்ராட்ரோபியம் ஸ்ப்ரே பற்றி இஎன்டி டாக்டரிடம் கேளுங்கள். தும்மலுக்கோ அடைப்புக்கோ அது உதவாது.