வீட்டுக் குளத்துக்குச் சதுப்புப் பாத்தி: கரம்பை போடலாமா, ஜல்லி போடலாமா?

ஒத்தக்கடைத் தோட்டம்:

வணக்கம். மதுரை யானைமலைக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. போன வருஷம் பின்னால் ஒரு சின்னக் குளம் வெட்டினேன், பத்தடி நீளம், ஆறடி அகலம், இரண்டடி ஆழம், அடியில் சில்பாலின் தார்ப்பாய். தங்கமீனும் கோய் கெண்டையுமாக முப்பது விட்டேன். சித்திரை வெயில் ஏற ஏறத் தண்ணீர் பச்சைச் சாயம் கரைத்த மாதிரி ஆகிவிட்டது. விடியக்காலையில் மீனெல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன, போன வாரம் மட்டும் நாலு செத்து மிதந்தன. மகள் ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்திருக்கிறாள், பள்ளிக்கூடம் போகும்முன் அதைப் பார்த்துவிட்டு அன்றைக்கு அவள் சாப்பிடவே இல்லை.

கடையில் வாங்கிய ஸ்பாஞ்ச் ஃபில்டர் இரண்டு நாளில் அடைத்துக்கொள்கிறது. அதனால் குளத்தை ஒட்டி ஒரு சதுப்புப் பாத்தி கட்டி, தண்ணீரை அதற்குள் விட்டுச் சுத்தமாக்கித் திரும்பக் குளத்தில் விழவைக்கலாம் என்று யோசனை. சதுப்பு என்றால் சேறுதானே, கண்மாய்க் கரம்பை (வண்டல் மண்) ஒரு டிராக்டர் பேசி வைத்திருக்கிறேன். பாத்தி எவ்வளவு பெரிசு வேண்டும், என்ன செடி வைக்க, பம்பை ராத்திரி நிறுத்தலாமா? போர் தண்ணீர், கொஞ்சம் உப்பு.

சோழவந்தான் தென்னை:

தம்பி, முதலில் அந்தக் கரம்பையை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வயலுக்கு அது தங்கம், உங்கள் பாத்திக்கு எமன். அதில் இருக்கிற சத்து கரைந்து குளத்துக்குள் போனால் பாசிக்குத்தான் உரம் போட்ட மாதிரி ஆகும், களிமண் இறுகித் தண்ணீரையும் மேலே ஏற விடாது. பாத்திக்குள் மண்ணே வேண்டாம், கல் மட்டும்தான்.

ஏன் கல் என்றால், மீன் கழிவிலும் மிச்சத் தீனியிலும் இருந்து அமோனியா வருகிறது. கல் மேல் வழவழப்பாகப் படிகிற பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்கும், இன்னொரு வகை பாக்டீரியா அதை நைட்ரேட் ஆக்கும், அந்த நைட்ரேட்டைத்தான் செடி வேர் சாப்பிடும். செடிதான் எல்லாம் செய்கிறது என்று பலர் நினைக்கிறார்கள், பாதி வேலை கல்லுடையது.

உங்கள் குளத்தின் மேல்பரப்பு 60 சதுர அடி. அதில் ஐந்தில் ஒரு பங்கு பாத்தி இருந்தால் நல்லது, ஆறடிக்கு இரண்டடி, ஆழம் ஒரு அடி. 12 கன அடி ஜல்லி போதும், நூறு கன அடி கொண்ட ஒரு யூனிட்டில் எட்டில் ஒரு பங்கு கூட இல்லை. அடியில் ஒன்றரை இஞ்சு பிவிசி பைப், அதில் இரண்டு இஞ்சுக்கு ஒரு வெட்டு, ஆக்சா பிளேடால் மூன்றில் ஒரு பங்கு ஆழத்துக்குப் போடுங்கள். பைப்பின் கடைசி மூடியைப் பசை போட்டு ஒட்டாதீர்கள், ஆறு மாதத்துக்கு ஒருமுறை திறந்து கசடைத் தள்ள வேண்டும். பைப் மேல் நாலு இஞ்சு உயரத்துக்கு முக்கால் இஞ்சு ஜல்லி, அதற்கு மேல் அரை இஞ்சு ஜல்லி. கிரஷர் தூசி போகக் கழுவாமல் கொட்டினால் ஒரு வாரத்துக்குக் குளம் பால் மாதிரி இருக்கும், நான் பட்டிருக்கிறேன். தண்ணீர் அடியிலிருந்து மெல்ல ஏறி மேலே வழிந்து குளத்தில் விழ வேண்டும், ஆனால் நீர்மட்டம் கல்லுக்கு ஒரு இஞ்சு கீழேயே நிற்கட்டும். இல்லாவிட்டால் கொசு முட்டை வைக்கும்.

பம்பை நிறுத்தவே கூடாது. பாக்டீரியாவுக்கு ஆக்சிஜன் வேண்டும், நின்ற தண்ணீரில் அது செத்து நாறிப்போகும். உங்கள் குளத்தில் 3,400 லிட்டர் வரும், மணிக்கு 1,700 லிட்டர் தள்ளுகிற பம்பு போதும். 40 வாட் என்றால் ஒரு நாளைக்கு ஒரு யூனிட் கரண்ட் கூட ஆகாது. விடியலில் மீன் மேலே வருவதும் இதோடு சேர்ந்ததுதான். பகலில் ஆக்சிஜன் விடுகிற அதே பாசி ராத்திரி அதை இழுத்துக்கொள்கிறது. பாத்தி கட்டி முடியும்வரை ராத்திரியில் ஒரு ஏர் பம்பாவது ஓட்டுங்கள், இன்றைக்கே.

திருமங்கலம் அக்கா:

அண்ணன் சொன்னது அத்தனையும் சரி. செடி விஷயம் மட்டும் நான் சொல்கிறேன். கல்வாழை முதல் தேர்வு, பாத்திரம் கழுவுகிற தண்ணீர் போகிற இடத்தில் வைப்போமே, அதேதான். கூடவே சேம்பு, வசம்பு, வெட்டிவேர், ஓரத்தில் வல்லாரையும் நீர்ப்பிரமியும். செடியின் வேர் மண்ணை நன்றாக அலசிவிட்டுக் கல்லுக்குள் சொருகுங்கள்.

சம்பு வேண்டவே வேண்டாம். கண்மாயில் அழகாக இருக்கிறதே என்று நானும் கொண்டு வந்து வைத்தேன், ஒரே வருஷத்தில் அதன் கிழங்கு ஊசி மாதிரி தார்ப்பாயைக் குத்திவிட்டது, பாத்தி முழுவதையும் கல் கல்லாகக் கையால் அள்ளி வெளியே போட்டேன். ஆகாயத்தாமரையும் வேண்டாம், வைகையிலும் கண்மாய்களிலும் அது படர்ந்து மூடியதைப் பார்த்தாலே தெரியும்.

இன்னொன்று, வளர்ந்ததை மாதம் ஒருமுறை வெட்டி வெளியே எடுங்கள். இலை அங்கேயே அழுகினால் உறிஞ்சின சத்தெல்லாம் திரும்பத் தண்ணீருக்குத்தான். வெட்டினதை நான் வாழைக்கு மூடாக்காகப் போடுகிறேன்.

மேலூர் கண்மாய்க்கரை:

நான் வண்டல் போட்டுத்தான் வைத்திருக்கிறேன், ஆறு வருஷமாகத் தண்ணீர் தெளிவாகவே இருக்கிறது. கலங்கினால் தேற்றாங்கொட்டையை உரைத்து விட்டால் போதும் என்று எங்கள் அப்பத்தா சொல்லும். உப்புத் தண்ணீருக்கு இந்தப் பாத்தி ஒன்றும் செய்யாது, அதையும் சொல்லிவிடுங்கள்.

சோழவந்தான் தென்னை:

உப்பு பற்றிச் சொன்னது ரொம்பச் சரி. பாத்தி உப்பை எடுக்காது, வெயிலில் தண்ணீர் வற்ற வற்ற உப்பு ஏறிக்கொண்டேதான் போகும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மொட்டைமாடித் தண்ணீரைக் குளத்துக்குத் திருப்பிப் பழையதை வழியவிடுங்கள், மற்ற மாதம் வாரத்துக்குப் பத்தில் ஒரு பங்கு எடுத்துத் தென்னைக்கு ஊற்றுங்கள். கார்ப்பரேஷன் தண்ணீரை அப்படியே விடாதீர்கள், குளோரின் பாக்டீரியாவைக் கொன்றுவிடும், தொட்டியில் இரண்டு நாள் வெயிலில் வைத்து அப்புறம் விடுங்கள்.

தேற்றாங்கொட்டை மண் கலங்கலைப் படியவைக்கும், அப்பத்தா சொன்னதில் தப்பே இல்லை. அமோனியாவை அது ஒன்றும் செய்யாது. உங்கள் குளத்தில் எத்தனை மீன், அண்ணே?

மேலூர் கண்மாய்க்கரை:

வளர்ப்பு மீன் இல்லை, அல்லி மட்டும்தான். கொசுவுக்காகக் கப்பி என்கிற குட்டி மீன் பத்துப் பதினைந்து கிடக்கும், தீனி போடுவதில்லை.

ஒத்தக்கடைத் தோட்டம்:

அண்ணன், அக்கா எல்லோருக்கும் நன்றி. டிராக்டர்காரரிடம் பேசி, கரம்பையைத் தென்னை மூட்டுக்குத் திருப்பிவிட்டேன். ஏர் பம்பு நேற்று ராத்திரியே ஓடியது, காலையில் ஒன்றிரண்டு மட்டும்தான் மேலே வந்தன. இன்னும் ஒரு சந்தேகம்: பாத்தி குளத்தைவிட ஒரு அடி உயரத்தில் வருகிறது. கரண்ட் போனால் என்ன ஆகும்?

திருமங்கலம் அக்கா:

தண்ணீர் வந்த வழியே பம்பு வழியாகக் குளத்துக்குள் இறங்கிவிடும், அடியில் கிடக்கிற கசடையும் இழுத்துக்கொண்டு. பைப் பாத்திக்குள் இறங்குகிற வளைவின் உச்சியில், நீர்மட்டத்துக்கு மேலே, ஒரு சின்ன ஓட்டை போடுங்கள், காற்று புகுந்து இழுப்பு அறுந்துவிடும். ஒரு நாளுக்கு மேல் நின்றுபோனால், திரும்ப ஓடும்போது முதலில் வருகிற நாற்றத் தண்ணீரைக் குளத்தில் விடாமல் வெளியே விட்டுவிடுங்கள்.

அப்புறம் கோய் இரண்டடி வரை வளரும், தம்பி. முப்பது இந்தக் குளத்துக்குத் தாங்காது, பெரிய குளம் வைத்திருக்கிறவர்களிடம் பாதியையாவது கொடுத்துவிடுங்கள். எதை வைத்துக்கொள்வது என்று பாப்பாவே சொல்லட்டும். பாத்தியில் பாக்டீரியா பிடிக்க நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும், அதுவரை தீனியைப் பாதியாகக் குறையுங்கள்.