செப்போவியமா, செப்புத்தள ஓவியமா?

அன்பின் நண்பர்களுக்கு,

செம்புத் தகட்டில் எண்ணெய் வண்ணத்தால் வரையும் ஓவியத்துக்கு ‘செப்போவியம்’ என்று ஒருவர் சொல் தந்திருந்தார். வடிவான சொல். சுவரோவியம் போல அமைந்திருக்கிறது, வாயிலும் இலகுவாக வருகிறது. ஆனாலும் ஒரு தடை இருக்கிறது. சுவரோவியம் என்றால் சுவரின் மேல் வரைந்தது என்று சொல்லாமலே விளங்கும். சுவரால் ஓவியம் செய்ய முடியாது. செம்பு அப்படியில்லை. செப்புக்குடம், செப்புத்திருமேனி, செப்புப்பட்டயம் என்று பழகிய காது, ‘செப்பு’ முன்னால் வந்தாலே செம்பால் செய்தது என்றுதான் எடுத்துக்கொள்ளும். கோயில் கதவில் தகட்டைத் தட்டி எழுப்பிய உருவத்தைத்தான் கேட்பவர் நினைப்பார்.

‘செப்பேட்டோவியம்’ என்று வைத்தால் இன்னும் சிக்கல். செப்பேடு என்றால் அரசன் கொடுத்த தானத்தை வெட்டிவைத்த ஏடு. அதோடு, செம்புத் தகட்டில் கோடு கீறி, மை பூசி, தாளில் ஒற்றி எடுக்கும் அச்சு முறை ஒன்றும் உண்டு. அங்கே தகடு கருவி மட்டும், படம் தாளில் இருக்கும். நாம் பேசும் ஓவியத்தில் தகடுதான் படத்தைத் தாங்குகிறது. சொல் இந்த வேறுபாட்டைக் காட்டவேண்டும்.

இதில் நான் பிடிவாதமாக நிற்க ஒரு காரணம் இருக்கிறது. எனக்குத் தெரிந்த ஓவியர் ஒருவர் மட்டக்களப்பு வாவிக் கரையில் குருமண்வெளித் துறையில் இருந்து, வாவிக்கு அப்பால் மண்டூர்ப் பக்கம் பார்த்து வரைகிறார். வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் பொழுது சாய்கிற நேரந்தான் அவருக்கு வேண்டும். உள்ளங்கை அகலத் தகட்டைச் சாண்ட் பேப்பரால் தேய்த்து, உள்ளிப் பல்லொன்றை இரண்டாக வெட்டி அதன்மேல் உரசுவார். வண்ணம் பிடிப்பதற்கு ஐரோப்பிய ஓவியர்களும் செய்த வேலை அது. செம்பு எண்ணெயைக் குடிக்காது. துணி, பலகை போல ஈரத்துக்கு ஊதிச் சுருங்காது. தூரிகை வழுக்கிக்கொண்டு போகும், மயிர்க்கோடும் கோடாகவே நிற்கும். அடிவானத்தில் மட்டும் வண்ணத்தை மிக மெலிதாக விடுவார். அங்கே தெரியும் செம்மை வண்ணமல்ல, செம்பே. சாய்த்துப் பிடித்தால் வாவியின் விளிம்பு ஒருகணம் மினுங்கும்.

பதினாறாம், பதினேழாம் நூற்றாண்டுகளில் இந்த முறை ஐரோப்பாவில் நன்றாக ஓங்கியிருந்தது. பிளெமிய ஓவியர் மூத்த யான் புரூகெல் நிலக்காட்சிகள் (landscape) பலவற்றைச் செம்பில் வரைந்தார். ஜெர்மானிய ஓவியர் ஆடம் எல்ஸ்ஹைமர் 1609 இல் வரைந்த ‘எகிப்துக்குத் தப்பிச் செல்லல்’ 31 சென்டிமீட்டர் உயரம், 41 சென்டிமீட்டர் அகலந்தான். அதற்குள் நிலவு, பால்வீதி, நீரில் நிலவின் நிழல் எல்லாம் இருக்கின்றன.

சரி, என் முன்மொழிவு ‘செப்புத்தள ஓவியம்’. படத்தைத் தாங்கும் பொருளுக்குப் பொதுவாகத் ‘தளம்’ என்று வைத்தால் துணித்தளம், பலகைத்தளம், செப்புத்தளம் என்று ஒரு குடும்பமே வந்துவிடும். கண்காட்சியில் ஒட்டும் சீட்டில் ‘செப்புத்தளத்தில் எண்ணெய் வண்ணம்’ என்று எழுதலாம். தளத்துக்கும் படத்துக்கும் இடையில் பூசுவது ‘அடிப்பூச்சு’.

‘நிலக்காட்சி’ வேண்டாம், ‘தரைத்தோற்றம்’ போடலாம் என்றும் ஒரு கருத்து வந்தது. எங்கள் பள்ளிகளில் அது புவியியல் சொல். மலை, சமவெளி, வடிகால் என்று போய்விடும். வாவியை வரைந்தால் நிலம் எங்கே என்று கேட்டிருந்தார்கள். நெய்தலையும் நிலம் என்றே சொன்ன மொழி நம்முடையது. தமிழ்ப் பாட்டிலக்கணத்தில் நிலமும் பொழுதும் சேர்ந்ததே முதற்பொருள். அந்த ஓவியரின் தகட்டில் இருப்பதும் அந்த இரண்டுந்தான்.

செம்பில் படரும் பச்சைக்குப் புதுச்சொல் தேடவேண்டாம். சைவர்கள் ஆணவ மலத்துக்கு உவமை சொன்ன ‘களிம்பு’ இருக்கிறது. ‘செப்புத்துரு’ வேண்டாம், துரு இரும்புக்கு உரியது. 1936 இல் சென்னையில் நடந்த கலைச்சொல் மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் கிழக்கிலங்கைக் காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள். இருக்கிற சொல்லை முதலில் தேடிப் பார்க்கிற பொறுப்பு இந்தப் பக்கத்து ஆக்களுக்குக் கொஞ்சம் கூடவே உண்டு என்று நினைக்கிறேன்.

எனக்குச் சொல் அகப்படாத இடம் ஒன்று மிச்சம். மெல்லிய வண்ணத்துக்குக் கீழிருந்து செம்பு மினுங்குகிறதே, அதற்கு என்ன பெயர்? ‘ஊடொளி’ சரிவராது. ஒளி ஊடுருவி அப்பால் போகவில்லை, அடியில் பட்டுத் திரும்பி வருகிறது. ‘அடியொளி’ என்று எழுதிப் பார்த்தேன். அந்த ஓவியரிடமும் கேட்டேன். அவர் அதை ‘செம்பு வெளிக்கிறது’ என்றுதான் சொல்கிறார். விடிகிறதை வெளிக்கிறது என்போமே, அதே சொல். அதிலிருந்து ‘செவ்வெளிப்பு’ என்று எடுத்தால் பொருந்துமா?