பேஸ்மேக்கர் இருக்கு, எம்ஆர்ஐ எடுத்தவங்க அனுபவம் சொல்லுங்க

நிலாமுற்றம்:
அப்பாவுக்கு இடுப்பு வலி கால் வரைக்கும் இறங்குது. எம்ஆர்ஐ எழுதிக் கொடுத்தாங்க. ஸ்கேன் சென்டர்ல பேஸ்மேக்கர்னு சொன்னதும் "எங்களால முடியாது"ன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. ஆனா பேஸ்மேக்கரோட கொடுத்த கார்டுல எம்ஆர்ஐ எடுக்கலாம்னு இருக்கு. பழைய பேட்டரி தீர்ந்ததால பெட்டியை மட்டும் மாத்தினாங்க. என்ன செய்யலாம்?

ஸ்கேன்ரூம்வாசி:
பெட்டியை மட்டும் மாத்தினாங்கன்னா, வயர் பழசு. அங்கதான் சிக்கல். எம்ஆர்ஐக்கு ஏத்ததுன்னு சொல்றது பெட்டியும் லீடும் (இதயத்துக்குப் போற அந்த வயர்) சேர்ந்த ஜோடிக்குத்தான். காந்தத்தை விட எனக்கு பயம் மெஷின் அனுப்புற ரேடியோ அலை மேலதான். லீட் ஆன்டெனா மாதிரி அதை வாங்கி, இதயச் சுவரைத் தொடுற நுனியில சூடாகலாம். உள்ளேயே விட்டுட்ட பழைய வயர் இருந்தா இன்னும் யோசிப்போம். ஒரு எக்ஸ்ரே எடுத்தா தெரிஞ்சிடும்.

ஜோடி சரியில்லைன்னா கதவு மூடியாச்சுன்னு அர்த்தமில்லை. 2017-ல வந்த மேக்னாசேஃப் ஆய்வுல, எம்ஆர்ஐக்கு ஏத்ததில்லாத 1000 பேஸ்மேக்கர், 500 டிஃபிப்ரிலேட்டர் (தேவைப்பட்டா இதயத்துக்கு ஷாக் கொடுக்கிற, உடம்புக்குள்ள வைக்கிற கருவி) கேஸ்களை 1.5 டெஸ்லா (காந்த பலத்தோட அளவு) மெஷின்ல எடுத்தாங்க, நெஞ்சுப் பகுதியைத் தவிர்த்து. உயிரிழப்பு இல்ல, லீட் பழுதாகல. ஆனா நெறிமுறைப்படி செட்டிங் மாத்தாத ஒரு டிஃபிப்ரிலேட்டரை உடனே மாத்த வேண்டியதாச்சு. அதனால ப்ரோக்ராமரும் (கருவியோட செட்டிங்கை வெளியிலிருந்து மாத்துற மெஷின்) அதைக் கையாள ஆளும் இல்லாத இடத்துல "முடியாது"ன்னு சொன்னா, நான் கோவிச்சுக்க மாட்டேன்.

ரெண்டாம்துடிப்பு:
நான் முழுக்க பேஸ்மேக்கரை நம்பியிருக்கிற ஆள். மூளை எம்ஆர்ஐ எடுத்தேன். முன்னாடி கருவியை என் துடிப்பைக் கவனிக்காம தானா அடிக்கிற மோடுக்கு மாத்தினாங்க. மெஷின் உண்டாக்குற மின் இடையூறை இதயத்துடிப்புன்னு நினைச்சு கருவி சும்மா இருந்துடக் கூடாதாம். காந்தத்துக்குள்ள ஈசிஜி கோடு கோணலாகுமாம், அதனால விரல்ல கிளிப் மாட்டி நாடி பார்த்தாங்க. நெஞ்சுல எதுவும் தெரியல. மெஷின் போடுற சத்தம்தான் தாங்கல. கையில ஒரு பல்ப் கொடுப்பாங்க, அழுத்தினா நிறுத்திடுவாங்க. கெட்டியா பிடிச்சிக்கோங்க.

முடிஞ்சதும் எழுந்து ஓடாதீங்க! பழைய மோடுக்குத் திருப்பி, லீடையும் பேட்டரியையும் சோதிச்சப்புறம்தான் வீட்டுக்கு.

நிலாமுற்றம்:
ரெண்டு பேருக்கும் நன்றி. இதய டாக்டர் எக்ஸ்ரே பார்த்தார். விட்டுப்போன வயர் எதுவும் இல்ல, ஆனா இப்போ இருக்கிற லீட் அந்தப் பெட்டிக்கு ஜோடி இல்ல. கருவி டெக்னீஷியன் கூடவே இருக்க, 1.5 டெஸ்லாவில எடுத்து முடிச்சாச்சு. அப்பா கிளிப்பைக் கழட்டச் சொல்லித்தான் சண்டை போட்டார். டிஸ்க் நழுவி நரம்பை அழுத்துதாம். ஆபரேஷன் வேணுமா, பிசியோ போதுமான்னு அடுத்த கேள்வி, அதைத் தனியா கேட்கிறேன்.