சிலம்பம், ஜூடோ, கராத்தே: களத்துல மரியாதைன்னா என்னன்னு நீங்க பார்த்தது?

பையனைச் சிலம்பத்துல சேர்த்துட்டு வேலியோரம் உட்கார்ந்திருக்கிற அம்மா நான். புதுசா வந்த ஒரு அப்பா, "கம்பு சுத்தக் கத்துக்கொடுத்தா போதுமே, மண்ணைத் தொட்டுக் கும்பிடறதெல்லாம் எதுக்கு?"ன்னு கேட்டார். ஆசான் கோபப்படல. "கும்பிடாட்டியும் பரவால்ல சார், வாட்சையும் மோதிரத்தையும் மட்டும் கழட்டி வெச்சுட்டு வரச் சொல்லுங்க"ன்னார்.

அப்புறம் கவனிச்சுப் பார்த்தா பாதி ஒழுங்குக்குப் பின்னால எலும்புதான் இருக்கு. தரையில கிடக்கிற கம்பைத் தாண்டக் கூடாது, சுத்தித்தான் போகணும். தெய்வம்னு சொல்றவங்க சொல்லட்டும். காலு பட்டு உருண்டா கணுக்கால் காலி. ஒருத்தர் வீசிட்டிருக்கும்போது பின்பக்கமா வந்து கூப்பிடக் கூடாது. அவர் கண்ணுக்குத் தெரியற மாதிரி, கம்பு எட்டாத தூரத்துல நின்னு காத்திருக்கணும்.

போன மாசம் ஒரு பொண்ணோட கம்பு எதிர்ல நின்ன சின்னவன் விரல் மொளியில பட்டுடுச்சு. ஆசான் சொல்றதுக்கு முன்னாடியே அவ கம்பை ஊன்றி நின்னுட்டா. அவன் கையை ரெண்டு தடவை உதறி, மூக்கை உறிஞ்சி, "சரிக்கா"ன்னு சொன்னான். ரெண்டு பேரும் மறுபடி வணக்கம் வெச்சுட்டுத்தான் ஆட்டத்தைத் தொடர்ந்தாங்க.

---

நான் ஜூடோ ஆள். ஜப்பான்ல கானோ ஜிகோரோ 1882-ல ஆரம்பிச்ச கலை. எதிராளிக்குத் தலை வணங்காம ஆட்டம் தொடங்காது, முடியவும் முடியாது. 2016 ரியோ ஒலிம்பிக்ல எகிப்து வீரர் இஸ்லாம் எல் ஷெஹாபி, இஸ்ரேல் வீரர் ஓர் சாசன்கிட்ட தோத்ததும் கை குலுக்காமப் போனது ஞாபகம் இருக்கா? கை குலுக்கறது கட்டாயம் இல்ல, வணங்கறது கட்டாயம். அதனால நடுவர் திரும்பக் கூப்பிட்டார். ஷெஹாபி லேசாத் தலையை அசைச்சுட்டுப் போனார், அரங்கமே கூச்சல் போட்டுச்சு.

ஆனா என்னைக் கேட்டா, குனியறதை விடப் பெரிய மரியாதை எதிராளி 'தட்டினதும்' விடறது. கழுத்துப் பிடியில மாட்டினவன் 'போதும், விடு'ங்கிற அடையாளமா ரெண்டு தட்டு தட்டினா பிடி அந்த நொடியே தளரணும். எங்க சீனியர் ஒருத்தர் புதுப் பசங்ககிட்ட மட்டும் கொஞ்சம் தாமதிச்சு விடுவார். கோச் பார்த்துட்டார். திட்டல. அன்னைக்கு சாயங்காலம் முழுக்க வெள்ளை பெல்ட் பசங்க தூக்கிப் போட்டுப் பழக அவரையே நிறுத்திட்டார். எல்லாரும் வரிசையில நின்னாங்க!

---

மேல ரெண்டு பேரும் நல்ல இடத்துல மாட்டியிருக்கீங்க. நான் கராத்தே கத்துக்கிட்ட இடத்துல மாஸ்டர் பைக்கைத் துடைக்கறதும் 'ஒழுக்கம்'தான். லேட்டா வந்தா ஓரமா முட்டி போட்டு உட்கார்ந்து, கூப்பிட்ட பிறகு சேரணும். இது எல்லா இடத்துலயும் இருக்கறதுதான், வகுப்பு கலையாம இருக்கணுமே. பெல்ட் அவிழ்ந்தா மாஸ்டரைப் பார்த்தபடி கட்டாம, அந்தப் பக்கம் திரும்பி நின்னு சரி பண்றதும் எல்லா இடத்துலயும் இருக்கறதுதான். தரையைத் துடைக்கச் சொன்னாக்கூட சரி, எல்லாரும் வெறுங்காலோட நிக்கற தரை. பைக்?

பிள்ளைங்களைச் சேர்க்கப் போறவங்க ஒரு வகுப்பை முழுசா உட்கார்ந்து பாருங்க. சின்னவனுக்கு அடிபட்டா யார் முதல்ல ஓடி வர்றாங்கன்னு கவனிங்க. பெற்றோர் உள்ளே உட்காரக் கூடாதுன்னு சொன்னா, ஃபீஸ் கட்டாமலே கிளம்பிடுங்க.