1.3 கிலோ கூலரோடு சிபியுவை சென்னையிலிருந்து கோவைக்குக் கொண்டுபோவது எப்படி?

முகில்78:
ரைசன் 7 5800எக்ஸ் பிராசசர், அதைக் குளிர்விக்கும் நாக்டுவா என்ஹெச்-டி15 கூலர், மூணு ஸ்லாட் கிராபிக்ஸ் கார்டு, ஒரு பக்கம் கண்ணாடி வைத்த கேபினட். அடுத்த வாரம் வீடு மாறுகிறேன். பார்சல் சர்வீஸில் போடலாமா, காரில் வைக்கலாமா? கூலரைக் கழற்றித்தான் ஆகணுமா?

சர்க்யூட்மணி:
பார்சல் என்றால் கழற்றித்தான் ஆகணும். 700 கிராமுக்கு மேல் உள்ள கூலரைப் பயணத்தில் கழற்றிவிடச் சொல்வது நாக்டுவாவே. கேபினட் நிமிர்ந்து நிற்கும்போது கூலரின் அந்த டவர் முழுக்க மதர்போர்டிலிருந்து பக்கவாட்டில் தொங்குகிறது. வண்டி குலுங்கும்போதெல்லாம் பிராசசர் உட்காரும் சாக்கெட்டைச் சுற்றியுள்ள இடம்தான் அடி வாங்கும். பிடி விட்டால் நேரே கிராபிக்ஸ் கார்டு மேல் விழும். 'இந்தப் பக்கம் மேலே' என்று ஒட்டுவதெல்லாம் மன ஆறுதலுக்கு.

உங்களுடையது ஏஎம்4 வகை சாக்கெட், அதனால் கவனம். 1331 பின்னும் பிராசசரின் அடியில் இருக்கிறது. பிராசசருக்கும் கூலருக்கும் நடுவே தடவிய பேஸ்ட் இறுகிய நிலையில் கூலரை நேராக இழுத்தால், சாக்கெட் லீவர் பூட்டியிருந்தாலும் பிராசசர் சேர்ந்து பிய்ந்து வரும், பின் வளையும். பத்து நிமிஷம் ஏதாவது கேமை ஓடவிட்டுச் சூடாக்குங்கள். ஆஃப் செய்து பிளக்கைப் பிடுங்கிவிட்டு, நடு ஃபேனை எடுத்தால் இரண்டு ஸ்பிரிங் ஸ்க்ரூ தெரியும். ஒன்றையே முழுசாகக் கழற்றாமல் மாற்றி மாற்றி இரண்டிரண்டு சுற்று. பிறகு கூலரை இடம் வலமாக லேசாகத் திருகி, ஒட்டு விட்டதும் தூக்குங்கள்.

வயர்பின்னல்:
காரில் போவதானால் கூலரை அப்படியே விடலாம் என்பது என் கருத்து. மதர்போர்டு அடியில் வரும்படி கேபினட்டைப் படுக்கவையுங்கள்; கூலரின் எடை நேராகக் கீழே இறங்கும், தொங்காது. பின்சீட் சரிவாக இருக்கும், டிக்கியில் கனமான போர்வை விரித்து வைப்பதே மேல்.

கிராபிக்ஸ் கார்டை எப்படிப் போனாலும் கழற்றுங்கள். ஸ்க்ரூவை எடுத்ததும் இழுக்காதீர்கள். ஸ்லாட்டின் கடைசியில் ஒரு கிளிப் உண்டு, பெரிய கார்டு அதை மறைத்துவிடும். மரக் ஸ்கேலால் அழுத்தினால் விடும். முதலில் ஆன்ட்டி-ஸ்டாட்டிக் கவர் (நிலைமின்சாரம் தாக்காத கவர்), அதன் மேல்தான் பபுள் ராப். கண்ணாடிக் கதவையும் தனியாகச் சுற்றுங்கள். டைல்ஸ் தரையில் விளிம்பு தட்டினால் போதும், மொத்தமும் பொடிப்பொடியாகிவிடும்.

முகில்78:
அப்போ காரிலேயே போகிறேன். உள்ளே காலி இடத்தில் தெர்மாகோல் அடைக்கலாமா?

சர்க்யூட்மணி:
வேண்டவே வேண்டாம். உதிர்ந்து ஃபேனுக்குள் போகும், ஸ்டாட்டிக் வேறு. அடைப்பதென்றால் ஆன்ட்டி-ஸ்டாட்டிக் ஃபோம். அடைத்தால் பவர் பட்டன் மேல் 'உள்ளே ஃபோம்' என்று ஒரு சீட்டு ஒட்டிவிடுங்கள், எடுக்க மறந்து ஆன் செய்கிறவர்கள் உண்டு.

வயர்பின்னல்:
மனசு மாறி கூலரைக் கழற்றினால் பழைய பேஸ்ட்டோடு மாட்டாதீர்கள். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்து, நடுவில் பட்டாணி அளவு புதுசு வையுங்கள். ஊரில் போய் டிஸ்ப்ளே வரவில்லையென்றால் முதலில் ரேமை எடுத்து மாட்டிப் பாருங்கள். பயாஸில் (விண்டோஸுக்கு முன் வரும் செட்டிங்ஸ் திரை) சும்மா இருக்கும்போதே பிராசசர் 80 டிகிரியைத் தாண்டினால் கூலர் சரியாக உட்காரவில்லை. உடனே ஆஃப் செய்துவிடுங்கள்.