பாக் நீரிணைக் கரையில் பாசி வளர்ப்பு: நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

கரைவாசி (தொடங்கியவர்):
உறவுகளே, நம் இராமநாதபுரம் மாவட்டக் கடலோரத்து வளமாவூரில், பாசி வளர்ப்பையும் பாசித் தொழிலையும் வளர்ப்பதற்கான பல்நோக்குக் கடல்பாசிப் பூங்காவுக்கு 2023-இல் அடிக்கல் நாட்டினார்கள். உயிரிப் பொருளாதாரத்தால், அதாவது உயிர்வளங்களை வைத்துச் செய்யும் தொழில்களால், கடலோரக் கிராமங்கள் உயரும் என்று மேடைகளில் பேசுகிறார்கள். இராமநாதபுரம் மாவட்டத்துக்குக் கடல்பாசி புதிய பொருள் அல்ல. பாசியோடு புழங்கியவர்கள் தாங்கள் கண்டதை எழுதினால், பூங்காவில் எது இருக்க வேண்டும் என்று கேட்பதற்கு நமக்கு ஒரு பிடி கிடைக்கும். நல்லதையும் கெட்டதையும் சேர்த்தே எழுதுங்கள்.

வடகடல் பெண்:
நான் மண்டபம் பக்கத்துக்காரி. சுய உதவிக் குழுவில் சேர்ந்து தெப்பம் கட்டியவள். இங்கே 'பெப்சி பாசி' என்று சொன்னால் சிறுபிள்ளைக்கும் தெரியும். மண்டபத்தில் உள்ள மத்திய உப்பு, கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிலையம் 1990-களில் வளர்த்துப் பார்த்த கப்பாபைகஸ் பாசியை 2000-க்குப் பிறகு பெப்சி நிறுவனம் ஒப்பந்த முறையில் கரைக்குக் கொண்டுவந்ததால் வந்த பெயர் அது.

வேலை என்னவென்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பன்னிரண்டடிக்குப் பன்னிரண்டடி மூங்கில் சட்டம். குறுக்கே கயிறுகள். கயிற்றில் கைப்பிடி கைப்பிடியாக விதைப்பாசியைக் கட்ட வேண்டும். அடியில் வலை போடாவிட்டால் ஓரா மீன் மேய்ந்துவிடும். ஒரு தெப்பத்துக்கு 60 கிலோ விதை. 45 நாளில் ஏறக்குறைய 250 கிலோ கிடைக்கும். அதில் 60 கிலோ மறுபடியும் விதைக்குப் போய்விடும். மிச்சத்தைக் கரையில் காயவைத்தால் பத்துக்கு ஒன்றுதான் நிற்கும், அதாவது இருபது கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக. ஒரு பெண்ணுக்கு 45 தெப்பம் என்று கணக்கு. தினம் ஒன்றை அறுத்து, அன்றே மறுபடி கட்டினால் வருமானம் தொடர்ந்து வரும்.

வந்தது, அதை மறைக்க மாட்டேன். படகு இல்லாத வீட்டுப் பெண்ணின் கையில் அவள் பெயரிலேயே பணம் வந்தது. மகளைக் கல்லூரிக்கு அனுப்பினோம், வட்டிக்கடனை அடைத்தோம். கடலுக்குப் போன ஆண் வெறுங்கையோடு திரும்பிய நாளிலும் அடுப்பு எரிந்தது.

2013-ஐ ஒட்டி வந்த அடி பெரிய அடி. கடல் சூடேறியது, பாசி வெளுத்து, கிளை கிளையாக முறிந்து கொட்டியது. அதற்குப் பிறகு பழைய விளைச்சல் எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. தாய்ப்பாசி பழசாகிவிட்டது, புது விதை வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தோம். இதோடு ஆண்டுதோறும் வாடைக்காற்று வேறு. அக்டோபர் பிறந்தால் வடகடல், அதாவது எங்கள் பாக் நீரிணைப் பக்கம், கொந்தளிக்கும், தெப்பம் நிற்காது. தை மாதம் மறுபடி தொடங்கும்போது விதைக்கு யாரிடம் போய் நிற்பது? விதை கிடைக்கும்வரை வேலையும் இல்லை, கூலியும் இல்லை. விலையை வாங்குபவர்தான் சொல்வார். ஈரம் இருக்கிறது, மணல் இருக்கிறது என்று எடையில் கழித்தால் எதிர்த்துப் பேச எங்களிடம் ஒரு கருவிகூடக் கிடையாது.

மரிக்கொழுந்து மகள்:
அக்கா, தெப்பம் வருவதற்கு முன்பே பாசி எடுத்தவர்கள் எங்கள் அம்மா, பாட்டி எல்லாம். மரிக்கொழுந்துப் பாசி, கட்டக்கோரை, கஞ்சிப்பாசி என்று தீவு ஓரங்களில் மூழ்கிப் பறிப்பார்கள். விரல்களில் துணி சுற்றியிருக்கும். அப்படியும் பாறை கிழித்துவிடும். அந்தச் சரக்கில் பெரும்பகுதி மதுரைப் பக்கம் உள்ள அகர் (பாசியிலிருந்து எடுக்கும் கூழ்போல் உறையும் பொருள்) ஆலைகளுக்குப் போனது.

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986-இல் தேசியப் பூங்கா ஆயின. பின்னாளில் கெடுபிடி கூடியபோது, தலைமுறையாக இறங்கிய கடலில் எங்கள் பெண்கள் திருடர்கள்போல் விரட்டப்பட்டார்கள். அவர்கள் சும்மா இருக்கவில்லை. மாதத்தில் 12 நாள் மட்டும் எடுப்பது, மற்ற நாளில் பாசி தழைக்க விட்டுவிடுவது என்று கூடிப் பேசித் தாங்களே கட்டுப்பாடு வைத்தார்கள். பாசி எடுக்கும் சின்னப்பாலம் லட்சுமி அம்மாவுக்கு, தீவுகளின் இயற்கையைக் காப்பவர்களுக்குத் தரும் சீகாலஜி பரிசு 2015-இல் கிடைத்தது இந்தப் போராட்டத்துக்காகத்தான். பூங்கா என்று பெயர் வைக்கிறவர்கள், வளத்தைக் காத்துக்கொண்டே பிழைக்கும் வழியைப் பெண்கள் முன்பே வகுத்திருக்கிறார்கள் என்பதைக் கணக்கில் எடுக்க வேண்டும். திட்டக் குழுவில் அவர்களுக்கு நாற்காலி வேண்டும். பயனாளி என்று பெயரைப் பட்டியலில் சேர்ப்பதோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது.

பவளம் பார்ப்பவள்:
கடல் உயிரியல் படித்தவள் நான். அந்த 21 தீவுகளில் ஒன்றான குருசடைத் தீவுக்கு அருகே நீருக்குள் பார்த்ததைச் சொல்கிறேன். பவளக் கிளைகளின் மேல் கப்பாபைகஸ் பாய் விரித்ததுபோல் படர்ந்திருந்தது. அடியில் வெளிச்சம் இல்லாமல் பவளம் செத்திருந்தது. கையால் பிய்த்தாலும் ஒரு துண்டு ஒட்டிக்கொண்டிருந்தால் போதும், மறுபடி தழைத்துவிடும். இது வெளிநாட்டிலிருந்து வந்த இனம். 2005-இலேயே மாநில அரசு தீவுகள் இருக்கும் தென்கடல் (மன்னார் வளைகுடா) பகுதியில் இதை வளர்க்கக் கூடாது என்று வரையறுத்தது. ஆனாலும் 2008-இல் குருசடையில் பவளத்தின் மேல் இது பரவியிருப்பதை ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள்.

வடகடல் அக்கா எழுதியதைப் படித்தபின் இதைச் சொல்லக் கஷ்டமாக இருக்கிறது. ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். பவளம் போனால் மீன் போகும். வெளி இனத்தை மட்டும் நம்பாமல் கஞ்சிப்பாசி போன்ற நம் கடலின் பாசிகளைக் கயிற்றில் வளர்க்கும் வழிக்கும் இந்தப் பணத்தில் பங்கு ஒதுக்க வேண்டும்.

திருவாடானை நெல்காரர்:
பாசிச் சாற்றை வயலில் தெளித்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். பச்சைப் பாசியை அரைத்துப் பிழிந்தால் வரும் சாற்றில் சாம்பல் சத்தும் பயிர் வளர்ச்சி ஊக்கிகளும் இருக்கின்றன. பிழிந்த சக்கையிலிருந்து கராஜீனன் என்ற கெட்டிப்படுத்தும் பொருளை எடுக்கிறார்கள். அது ஐஸ்கிரீமிலிருந்து பற்பசை வரை போகிறது. ஒரே பாசியில் இரண்டு பொருள், வீணாவது குறைவு. நான் நெல்லுக்குத் தெளித்தபோது பயிர் தெளிவாக நின்றது, கதிரும் திரட்சியாக இருந்தது. உரத்துக்கு மாற்று என்று சொல்ல மாட்டேன். துணை என்றால் ஒப்புக்கொள்வேன்.

எனக்கு ஆறாதது ஒன்று உண்டு. எங்கள் மாவட்டக் கடலில் விளைந்ததை எங்கோ பாட்டிலில் அடைத்து, தொலைவிலிருந்து கடைக்கு வந்தபின் நான் வாங்குகிறேன். என் வயலுக்கும் அந்த அக்காவின் தெப்பத்துக்கும் நடுவே எத்தனை கை! அக்கா, உங்கள் குழு சாறு பிழிந்து கொடுத்தால் எங்கள் ஊர் விவசாயிகள் நேரே வந்து வாங்க மாட்டோமா?

வடகடல் பெண்:
அண்ணே, பிழிவதற்குப் பச்சைப் பாசி அறுத்த அன்றே ஆலைக்குப் போக வேண்டும், வைத்திருந்தால் அழுகிவிடும். ஆலை தொலைவில் இருப்பதால்தான் காயவைத்து, எடையில் பத்தில் ஒன்பது பங்கைக் காற்றுக்கு விட்டுவிட்டு விற்கிறோம். நீங்கள் காசு கொடுத்து வாங்குகிற சாறு எங்கள் மணலில் வற்றிப்போகிறது. பிழியும் இயந்திரமும், சாற்றின் தரம் பார்த்துச் சான்று தரும் ஓர் ஆளும் கரையிலேயே இருந்தால் எங்கள் குழுவால் செய்ய முடியும். பூங்காவில் நாங்கள் கேட்கப்போவது மூன்று: தையில் தடையில்லாமல் விதை தரும் நாற்றங்கால், குழுவுக்கே சொந்தமான பிழியும் ஆலை, எடை போடும்போது எங்கள் பக்கம் ஒரு ஈரமானி. பவளம் பற்றி எழுதிய தங்கை சொன்னதையும் மனுவில் சேர்க்கலாம். கஞ்சிப்பாசி கட்டத் தெரிந்தவர்கள் எங்கள் குழுவிலேயே இருக்கிறார்கள்.

கரைவாசி:
மனுவை நான் எழுதித் தருகிறேன், அக்கா. மரிக்கொழுந்து மகளே, உங்கள் ஊர்ப் பெண்களின் கையெழுத்தும் அதில் வேண்டும். அண்ணே, சாறு வாங்கத் தயாராக இருக்கும் விவசாயிகளின் பட்டியலை உங்கள் ஊரிலிருந்து எடுத்துத் தாருங்கள். அதையும் இணைத்தே கொடுப்போம்.